மூச்சு வுட்டேன் அண்ணாத்த

ஏழுமலை நின்றுவிட்டான்.

எதிராளிகளின் களத்தில், நட்டநடுவில், ஒரு காலை மணலில் ஊன்றி, இன்னொரு காலைப் பாதி தூக்கிக் கொக்கு மாதிரி நின்றுவிட்டான். அதற்கு முந்தின நொடி வரை "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு வாளை மீனாய் வழுக்கிக்கொண்டு ஓடிய பயல். எங்கள் பக்கம் அவுட்டாகாமல் மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான்; இரண்டு பேரைத் தொட்டாகிவிட்டது. திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டால் ஆட்டம் எங்கள் வடக்குக் குப்பத்துக்கு. கோடு எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது.

காணும் பொங்கல் கூட்டம். மாமல்லபுரம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. எங்கும் கரும்புச் சக்கை, பலூன், சுண்டல் வாசனை. செங்கல்பட்டிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் வண்டி மேலேயே ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா டேய்! வந்துர்ரா!" என்று வடக்குக் குப்பம் கத்தியது.

"அமுக்குடா அவன!" என்று தெற்குக் குப்பம் கத்தியது.

நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குப்பு. பன்னிரண்டு வயதுப் பெண், என் தியான வகுப்பின் முதல் வரிசை, வாய் மட்டும் கடைசி வரிசை வரை கேட்கும். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், அவன் மூஞ்சியப் பாருங்க. அத்தப் பாத்துட்டான் சார்."

"எதை?"

"மூச்ச."

ஏழுமலை ஏன் நின்றான் என்பது அந்தக் கரையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அது உங்களுக்கும் புரிய வேண்டுமென்றால் என்னோடு செங்கல்பட்டு நூலகம் வரை வர வேண்டும். பஸ்ஸில் கூட்டமிருக்காது, வாருங்கள்.

கண்களை... என்ன செய்வது?

அப்போது நான் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, தவளையை அறுக்கத் தெரிந்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்று காத்திருந்தேன். பகல் முழுவதும் நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதுதான் உத்தியோகம். அங்கேதான் அந்த ஒல்லிப் புத்தகம் கையில் கிடைத்தது. மூச்சைக் கவனிக்கும் தியானம் பற்றியது. அட்டை இல்லை, ஆசிரியர் யாரென்று தெரியவில்லை, கடைசிப் பக்கங்களையும் யாரோ கிழித்துப் போயிருந்தார்கள்.

எனக்கு எதுவுமே பாதிதான் பிடிக்கும், பாதியில் விட்டுவிடுவேன் என்று என் அப்பா சொல்வார். பாதியாகவே ஒரு புத்தகம் கிடைத்ததும் அது எனக்காகவே எழுதப்பட்டது என்று நம்பிவிட்டேன்.

முதுகை நிமிர்த்தி உட்கார். மூச்சு வருவதைப் பார், போவதைப் பார். அடக்காதே, நீட்டாதே, சும்மா பார். இவ்வளவுதான் விஷயம். அதை அழகழகாகச் சொல்லிக்கொண்டே வந்து, மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இப்படி நின்றது: "இப்போது மெல்லக் கண்களை".

திறப்பதா, கழுவுவதா, துடைப்பதா? தெரியாது. ஆக, தியானத்தைத் தொடங்கத் தெரிந்த, முடிக்கத் தெரியாத ஒரு குரு செங்கல்பட்டில் உருவானான்.

முதலில் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மூச்ச அப்புறம் கவனிக்கலாம். மொதல்ல வேலையக் கவனி" என்றார். தங்கையை உட்கார வைத்தேன். இரண்டாவது மூச்சிலேயே குறட்டை.

அப்புறம்தான் குப்பத்து ஞாபகம் வந்தது. கல்லூரியில் படித்தபோது சமூக சேவை முகாமுக்காக மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தோம். முகாம் முடிந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் மட்டும், வேறு வேலை இல்லாததால், வாரத்தில் சில சாயங்காலங்கள் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கைக் கண்டு ஓடாத பிள்ளைகள் மூச்சைக் கண்டா ஓடப்போகிறார்கள்?

தம்

"நாளையிலிருந்து சுவாசப் பயிற்சி" என்று அறிவித்தேன்.

"சுவாசம்னா இன்னா மீனு சார்?" என்று கேட்டான் ஒரு பொடியன்.

மக்கள் மொழியில் பேச வேண்டும் என்பது அந்த நாளில் என் கொள்கை. யோசித்தேன். மூச்சடக்கி முத்தெடுப்பது, மூட்டை தூக்குவது, எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் 'தம் கட்டுவது' என்றுதானே சொல்கிறார்கள்? தம் என்றால் மூச்சு. கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில் குரலை உயர்த்தினேன்.

"நாளைக்கு எல்லாருக்கும் தம் கத்துக் குடுக்கப் போறேன்! சின்னப் பசங்க, பொம்பளைப் பசங்க எல்லாரும் வரலாம்! டப்பு கெடையாது!"

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் தாடியும் பாசிமணியுமாக வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிடப்பார்கள். தோப்புக்கு மேலே எந்நேரமும் புகை. அவர்கள் இழுப்பதற்கும் குப்பத்தில் 'தம்' என்றுதான் பெயர்.

மறுநாள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது பிள்ளைகள் ஒருவரும் இல்லை. தாய்மார்கள் நின்றிருந்தார்கள். முன்னால் குப்புவின் அம்மா அஞ்சலை, கையில் மீன் கூடை.

"ஏன்யா, நீ படிச்சவந்தானே? பல்லு வுழாத புள்ளைக்கெல்லாம் தம் கத்துக் குடுப்பியா? அந்தத் தாடிக்காரனுங்க உன்ன ஏவி வுட்டானுங்களா?"

"ஐயோ அக்கா, அந்த தம் இல்ல! இது வாயால இல்ல. மூக்கால இழுக்கறது!"

"மூக்கால வேறயா!"

"இழுத்து... மெதுவா வெளிய விடணும். மனசு அப்படியே லேசா மெதக்கும்..."

கூடை என் தலைக்கு மேலே உயர்ந்தது. உள்ளே இருந்த நெத்திலி சில என் காலருக்குள் விழுந்தன.

காப்பாற்றியவர் கன்னியப்பன். குப்பத்தின் நாட்டார், அதாவது தலைவர். குப்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார்.

"அட, போங்கடி. அவரு சொல்றது சடுகுடு தம்மு. புள்ளைங்களுக்கு தம் கட்டக் கத்துக் குடுக்கறாரு. அப்பிடித்தானே வாத்தியாரே?"

"இல்லீங்க நாட்டாரே. இதுல மூச்சைக் கட்டறது கெடையாது. சும்மா பாக்கறது."

"பாரு. நல்லாப் பாரு. பாத்து நீட்டி வுடு. வருசா வருசம் தெக்குக் குப்பத்தாங்கிட்ட தோத்து மானம் போவுது. நம்ம வலைக் கொட்டாய சாயங்காலத்துல எடுத்துக்க. பொங்கலுக்கு ஜெயிச்சா கொட்டாய் உனுக்கு. தோத்தா வலைக்கு."

"நாட்டாரே, இது வேற..."

"வேறதான். அதான் குடுக்கறேன்."

மனிதர் போய்விட்டார். காலரில் நெத்திலியோடு நான் தியான ஆசிரியனாகப் பதவி ஏற்றேன்.

யாரு அவுட்டு?

முதல் நாள் வகுப்பு. கொட்டகைக்குள் உப்பும் தாரும் கலந்த வலை வாசனை. தூரத்துச் சிற்பப் பட்டறையிலிருந்து டங், டங் என்று உளிச்சத்தம். கண்ணை மூடுங்கள் என்றேன். மூச்சைக் கவனியுங்கள் என்றேன்.

அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இருமல் இல்லை, சிரிப்பு இல்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இயற்கையோடு வாழும் பிள்ளைகள் எவ்வளவு சுலபமாக உள்ளே போய்விடுகிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அத்தனை பேர் கன்னமும் பேத்தை மீன் மாதிரி உப்பியிருந்தது. நெற்றி நரம்பெல்லாம் புடைத்திருந்தது. ஒரு பொடியன் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

"வுட்டான்! வுட்டான்! மூச்சு வுட்டான், அவுட்டு!"

"நீதான்டா மொதல்ல வுட்ட!"

"யாரு? நானா? உங்கம்மா மேல சத்தியமா வுடல!"

வகுப்பு, கைகலப்பு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. விலக்கிவிட்டு விளக்கினேன். மூச்சு விடலாம். விட வேண்டும். விட்டதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"பாத்தா?" என்றாள் குப்பு.

"பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப ஜெயிக்கறது யாரு?"

"யாரும் இல்ல."

கொட்டகையில் ஏமாற்றம் பரவியது. குப்பு மட்டும் தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"அப்ப தோக்கறவங்களும் கெடையாதா?"

"கெடையாது."

"அவுட்டே கெடையாதா?"

"இங்க அவுட்டே கெடையாது."

"அப்ப நான் டெய்லி வர்றேன்" என்று சம்மணத்தை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகளின் கவனம் சிதறாமல் இருக்க ஒரு விதி போட்டேன். மூச்சு வெளியே போவதை யார் தெளிவாகப் பார்த்தாலும் கையைத் தூக்கி "வுட்டேன்" என்று சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. என் சொந்தச் சரக்கு. கொஞ்ச நாளில் கொட்டகை ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது. "வுட்டேன்!" "நானும் வுட்டேன்!" "சார், நான் பெருசா வுட்டேன்!" இதில் வேறு பொருளும் கலந்து, சில சாயங்காலங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டி வந்தது. அந்த விவரம் வேண்டாம், குடும்பப் பத்திரிகை இது.

ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவர் நாலைந்து வெள்ளைக்காரர்களைக் கொட்டகை வாசலுக்கே கூட்டி வந்துவிட்டார். இது பல்லவர் காலத்திலிருந்து இந்தக் கரையில் தொடர்ந்து வரும் வழக்கம் என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். கேமராக்கள் கிளிக் கிளிக்.

"இன்னா சொல்றாரு சார்?" என்றாள் குப்பு.

சொன்னேன்.

"அய்ய, போன செவ்வாக்கெழமதானே ஆரம்பிச்சோம்!"

வகுப்பை எப்படி முடிப்பது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியில் திருக்கழுக்குன்றம் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தால் வகுப்பு முடிந்தது என்று வைத்துக்கொண்டோம். கண்களை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பஸ்தான் பதில் சொன்னது.

குப்புவின் உட்காரும் நேரம்

பொங்கல் நெருங்க நெருங்க எனக்குக் கவலை பிடித்தது. குப்புவுக்கும்.

"சார், தோத்துட்டா கொட்டாயக் காலி பண்ணணுமா?"

"நாட்டார் அப்படித்தான் சொல்லியிருக்காரு."

"அப்ப எங்கம்மா என்ன கருவாட்டுக்குக் காவல் போட்டுரும். நாள் பூரா காக்கா ஓட்டணும் சார். இங்க வர்றதால சாயங்காலம் மட்டும் என் தம்பி ஓட்டறான்." மணலில் விரலால் கோடு போட்டாள். "காலைல கண்ணு முழிச்சா தண்ணி, கூடை, அடுப்பு, அப்புறம் காக்கா. நான் குந்தறதே இந்த நேரந்தான் சார். குந்திக்கினு ஒண்ணும் பண்ணாம கீறேன்ல? அது எனக்குப் புடிச்சிருக்கு."

அந்தப் பிள்ளை சொன்னது போல எந்தப் புத்தகத்திலும் தியானத்துக்கு விளக்கம் இல்லை. முழுப் புத்தகத்தில் இருந்திருந்தாலும் இருந்திருக்கலாம்.

ஆக எங்கள் நம்பிக்கை எல்லாம் ஏழுமலை. வயது பதினாறுக்குள். மீசை வருகிறதா என்று பஸ் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற பருவம். குப்பத்தில் அவனைப்போல் பாடிப் போக ஆள் கிடையாது. ஒரே ஒரு குறை. மூச்சு விட்டதாக அவன் பிறந்ததிலிருந்து ஒப்புக்கொண்டது கிடையாது.

அவன் மட்டுமா? சடுகுடு ஆடுகிற யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முந்தின வருஷப் பொங்கலில் எதிர்க்களத்தில் அவன் 'புஸ்' என்று மூச்சு விட்டது பலூன்காரன் வரைக்கும் கேட்டதாம். "அது அலைச் சத்தம்! கடலம்மா மேல சத்தியம்!" என்று நின்றான். வடக்கும் தெற்கும் துடுப்புகளை எடுத்துக்கொண்டன. இரண்டு மாட்டு வண்டி நிறைய ஆட்களைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். நடுவராக வந்திருந்த டிரில் மாஸ்டர் அன்றிலிருந்து கரையில் கிடக்கும் கட்டுமரத்துக்குப் பின்னால் நின்றுதான் விசில் ஊதுவார்.

வகுப்புக்கு வந்த புதிதில் ஏழுமலை பின்னால் சாய்ந்து கிடந்து கேலி பேசிக்கொண்டிருந்தான். "தம்மு எப்ப சார் நீளும்?" என்பதுதான் அவன் கேள்வி. ஒரு சாயங்காலம் பஸ் ஹாரன் அடித்து எல்லாரும் எழுந்து ஓடினார்கள். அவன் மட்டும் கண்ணை மூடியபடி இருந்தான். எழுப்ப மனசு வரவில்லை. பஸ் போய்விட்டது. கடைசியில் கண்ணைத் திறந்தான்.

"சார்... நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா வருது, அதுவா போவுது. நான் தூங்கினாலும் வருமா?"

"வரும்."

"நான் வேணாம்னாலும்?"

"வரும்."

"யம்மாடி" என்றான். வலை மேல் சாய்ந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். நான் அன்றைக்குத் திருக்கழுக்குன்றம் வரை ஒரு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். மூச்சைப் பார்க்கக் கற்றவன் சடுகுடுவில் என்ன ஆவான் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

களத்தில் ஒரு கை

அதுதான் ஆனது. எதிர்க்களத்தில் கொக்கு மாதிரி நின்ற ஏழுமலை, மெதுவாக, கொட்டகையில் செய்வது போலவே, வலது கையைத் தூக்கினான்.

"வுட்டேன்."

கத்திக்கொண்டிருந்த கரை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கட்டுமரத்துக்குப் பின்னாலிருந்து டிரில் மாஸ்டரின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"என்னடா சொன்ன?"

"மூச்சு வுட்டேன் அண்ணாத்த. நானே பாத்தேன். தோ, இந்த எடத்துல."

காலை அமுக்கிப் பிடிக்கப் பாய்ந்த தெற்குக் குப்பத்துத் தடியன் பாதியிலேயே நின்றுவிட்டான்.

"டேய், இன்னாடா சொல்ற? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலியே!"

"உனுக்குக் கேக்காது. சின்னதா வுட்டேன்."

"இல்ல மச்சான், நீ வுடல."

"வுட்டேன்டா."

"வுடலடா! இதுல இன்னாவோ கீது. ஒத்துக்கறான்னா இன்னாவோ கீது!"

அதற்கப்புறம் நடந்தது சடுகுடு பிறந்த நாளிலிருந்து எங்கேயும் நடந்திருக்காது. மூச்சு விட்டேன் என்று விட்டவன் சத்தியம் செய்கிறான். விடவில்லை என்று எதிராளிகள் சத்தியம் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் துடுப்பைத் தூக்கி நின்றவர்களுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. ஒருவர் துடுப்பைத் தூக்கியபடியே பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப நம்ம எந்தக் கட்சி?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

டிரில் மாஸ்டர் முதல் தடவையாகக் கட்டுமரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். விசில் ஊதினார். ஏழுமலை அவுட். ஆட்டம் தெற்குக் குப்பத்துக்கு.

தோற்றுவிட்டோம். துடுப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஏழுமலை கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றான். "கை தானா போச்சு சார்" என்றான். குப்பு கொட்டகை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்டார் கன்னியப்பன் வந்தார். வேட்டியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார். நல்ல வார்த்தை சொல்லப் போகிறவர் கட்டுகிற கட்டு இல்லை அது.

"வாத்தியாரே. கொட்டாய..."

"யோவ் கன்னியப்பா!" தெற்குக் குப்பத்து நாட்டார் வந்து குறுக்கே நின்றார். "உங்க வாத்தியார எங்களுக்குக் கொஞ்ச நாள் குடேன். எங்க பசங்கள்ல ஒருத்தன் வாயிலயும் நெசம் வராது. நேத்து எம் புள்ள என் பீடியயே எடுத்துக்கினு இல்லன்னு சாதிக்கறான். நாங்க வேண்ணா புது ஓலை போட்டுக் கொட்டாயே கட்டித் தர்றோம்."

கன்னியப்பனின் முகம் மாறியது. ஆட்டத்தில் தோற்றது போதாதென்று இதுவும் கைமாறிப் போவதா?

"இன்னாது? கேட்டதும் தூக்கிக் குடுக்க அவரு இன்னா உப்புக் கொட்டாங்குச்சியா? அவரு எங்க ஆளு. எங்க மூச்சு. போய்யா!"

தெற்கத்தி நாட்டார் போனதும் கன்னியப்பன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு எப்பவும் போல வந்துரு. ஆனா ஒண்ணு. அடுத்த பொங்கலுக்கு, ஆட்டம் நடக்கறப்ப மட்டும், பசங்கள அத்தப் பாக்காம இருக்கச் சொல்லு."

குப்பு அங்கேயே, கரும்புச் சக்கைக்கு நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உளிச்சத்தம் நின்ற பிறகு

மறுநாள் கொட்டகை நிறைந்திருந்தது. நாட்டாரும் வந்தார். வலையில் கிழிசல் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் கண்ணை மூடினோம். உளிச்சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு ஓய்ந்தது. "வுட்டேன்" என்றது ஒரு குரல். "வுட்டேன்" என்றது இன்னொன்று. பின்னால் மட்டும் சத்தமே இல்லை. வலை அசைகிற சத்தம்கூட இல்லை.

ஒரு கண்ணைத் திறந்தேன். குப்பு ஏற்கெனவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்டாரின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. மீசை நுனி நடுங்கிக்கொண்டிருந்தது.

"பெரீப்பா, வுட்ருங்க" என்றாள் குப்பு மெதுவாக. "இங்க அவுட்டு கெடையாது."

லாரி டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். அப்புறம், பின்வரிசையில், தார் அப்பிய கை ஒன்று தயங்கித் தயங்கி மேலே வந்தது.